லொக்கரில் இருந்த ஊசி

ஒவ்வொரு வருடமும் பாடசாலை தொடங்கும் காலத்தில் எங்களுக்கு ஒரு சிறு பயிற்சி இருக்கும். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயிற்சியில் ஆளுக்கொரு பொய் எபிபென் தருவார்கள். எபிபென் என்பது கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி, பேனா போல இருக்கும். பொய் எபிபெனில் மருந்தும் இல்லை, ஊசிமுனையும் இல்லை. நீல மூடியைக் கழற்று, செம்மஞ்சள் முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்து, 'டிக்' என்று கேட்டதும் எண்ணு. முன்பு பத்து வரை எண்ணச் சொன்னார்கள், இப்போது மூன்று போதும் என்கிறார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்வோம்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளை, பாலும் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் இருமுகிறான், மூச்சு இழுக்கிறது. தோலில் தடிப்பு எதுவும் இல்லை. முதலில் என்ன கொடுப்பீர்கள்? போன தடவையும் பாதிப் பேர் 'பஃபர்' என்றுதான் சொன்னார்கள். நீல நிற இன்ஹேலரைத்தான் இங்கே எல்லோரும் பஃபர் என்பது. அந்தப் பதில் பிழை. இந்தப் பயிற்சியே ஒரு சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டம் வரக் காரணமான பிள்ளையும் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள்.

பெம்புறோக், 2003

ஒட்டாவா ஆற்றங்கரையில், தலைநகரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கிறது பெம்புறோக் என்ற சிறு நகரம். சப்ரினா ஷானனுக்கு அப்போது 13 வயது. உயர்நிலைப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பால், நிலக்கடலை, சோயா மூன்றும் அவளுக்கு ஆகாது. கூடவே ஆஸ்துமாவும் இருந்தது.

கவனமில்லாத பிள்ளை என்று அவளைச் சொல்லவே முடியாது. பத்து வயதிலேயே, இந்த ஒவ்வாமையோடு எப்படி வாழ்கிறாள் என்பதைப் பற்றி கனடிய வானொலியான சிபிசிக்கு ஒரு நிகழ்ச்சி செய்தவள். பாடசாலை உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் வாங்கினாள். அதற்கு முன்பும் அங்கே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை.

அந்த செப்டெம்பர் இறுதியில் ஒரு நாள், மதியம் வறுவல் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். அங்கே மூச்சு இழுக்கத் தொடங்கியது. எழுந்து அலுவலகத்தை நோக்கி நடந்தாள். ஆகாதது எதையும் சாப்பிடவில்லை என்று அவளுக்கு நிச்சயம், அதனால் இது தன் ஆஸ்துமாதான் என்று சொன்னாள். ஊசி அவளுடைய லொக்கரில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆசிரியர் அதை எடுக்க ஓடினார். அவர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பிள்ளை விழுந்துவிட்டாள், இதயமும் நின்றுவிட்டது. ஊசி போட்டார்கள். பலனில்லை. 2003 செப்டெம்பர் 30 அன்று அவள் இறந்தாள்.

வறுவலில் பால் எப்படி வந்தது? அதே உணவகத்தில் பூட்டீனும் விற்றார்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சின்னச் சின்ன சீஸ் கட்டிகளைத் தூவி, அதன் மேல் சூடான குழம்பை ஊற்றினால் அதுதான் பூட்டீன். பூட்டீனை எடுத்த இடுக்கியாலேயே வெறும் வறுவலையும் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் பின்னர் வந்த முடிவு. அவள் எண்ணெயைப் பற்றிக் கேட்டாள், அதற்குச் சரியான பதிலும் கிடைத்தது. இடுக்கியைப் பற்றிக் கேட்க 13 வயதில் யாருக்குத் தோன்றும்? எனக்கே இந்தக் கதையைப் படிக்கும் வரை தோன்றியதில்லை.

இரண்டு வருத்தம், ஒரே இருமல்

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடுக்கியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவள் வகுப்பிலிருந்து எழுந்து அலுவலகம் நோக்கி நடந்த அந்தக் கொஞ்ச நேரம். தன் உடம்பை நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை, தனக்கு நடப்பதற்கு வேறு பெயர் வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பாலில் உள்ள புரதத்தை எதிரி என்று பழகிவிட்ட உடம்பில், அதற்கென்றே உருவான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் தயாராக ஒட்டிக்கொண்டிருக்கும். பால் உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் இன்னும் பல வேதிப்பொருட்களையும் ஒரே நேரத்தில் கொட்டும். தோலில் கொட்டினால் தடிப்பு, குடலில் கொட்டினால் வாந்தி, இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிந்தால் இரத்த அழுத்தம் சரியும். மூச்சுக்குழாயில் கொட்டும்போது தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி கட்டும். ஆஸ்துமாவில் நடப்பதும் இந்த மூன்றும்தான். வெளியிலிருந்து கேட்கிறவருக்கும் உள்ளே படுகிறவருக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஏற்கெனவே ஆஸ்துமாவால் சுருங்கப் பழகிய மூச்சுக்குழாய், உணவு ஒவ்வாமை வரும்போதும் முதலில் இழுத்து மூடிக்கொள்ளும். தோலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் நம்பிக்கையில்லை. அனஃபிலாக்ஸிஸ் என்ற இந்தக் கடும் ஒவ்வாமையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது.

இந்த இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 2003இல் மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. 1992இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் ஹியூ சாம்ப்சனும் அவருடைய சகாக்களும், உணவால் அனஃபிலாக்ஸிஸ் வந்து இறந்த 6 பிள்ளைகளையும் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய 7 பிள்ளைகளையும் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த 13 பேரில் 12 பேருக்கு ஆஸ்துமா இருந்தது, அதுவும் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்த ஆஸ்துமா. அடுத்து வரும் எண்களை நான் பயிற்சிக்கு வரும் புது ஆட்களிடம் சொல்வதுண்டு. இறந்த 6 பேரில் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அட்ரினலின் கிடைத்தது 2 பேருக்குத்தான். பிழைத்த 7 பேரில் 6 பேருக்கு அரை மணித்தியாலத்துக்குள்ளேயே கிடைத்திருந்தது. பிரித்தானியாவில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி, உணவால் வருவதில் இதயமோ மூச்சோ நிற்பதற்கு எடுக்கும் நேரத்தின் இடைமதிப்பு 30 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று 2000இல் எழுதினார். அரை மணித்தியாலம் நிறைய நேரம் போலத் தோன்றலாம். சாப்பாட்டு அறையில் இருமல் தொடங்கி, தண்ணீர் குடி என்று ஒருத்தர் சொல்லி, பஃபர் எங்கே என்று இன்னொருத்தர் தேடி, அலுவலகத்துக்கு நடந்து, அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது அதில் பாதி போயிருக்கும்.

சரி, பஃபர் ஏன் போதாது? அதில் உள்ள சல்பியூட்டமோல் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். தொண்டை வீக்கத்தையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் அது தொடாது. குழாய் இறுகி மூடிவிட்டால், உள்ளே இழுக்க வேண்டிய மருந்து உள்ளேயே போகாது. அட்ரினலின் தொடைத் தசைக்குள் போய் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும், வீக்கத்தை வற்றவைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கும். ஆகவே ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ என்று சந்தேகம் வந்தாலே ஊசிதான் முதலில், பஃபர் பிறகு. தேவையில்லாத நேரத்தில் போட்டுவிட்டால் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். போட வேண்டிய நேரத்தில் போடாமல் விட்டால் நடப்பதை அப்படிச் சொல்லித் தேற்ற முடியாது.

இன்னொன்று. அப்படியான பிள்ளையை நடக்கவிடக் கூடாது. மூச்சுக் கஷ்டம் என்றால் உட்காரவைக்கலாம், மயக்கம் வருவதுபோல இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். ஊசிதான் பிள்ளையிடம் வர வேண்டும், பிள்ளை ஊசியிடம் போகக் கூடாது. சப்ரினா நடந்தாள். அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நடையை நினைக்காமல் என்னால் இந்தப் பயிற்சிக்குப் போக முடிவதில்லை.

சட்டம் சொன்னது

சப்ரினாவின் பெற்றோர், முக்கியமாக அம்மா, மகள் போன பிறகு வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. சட்டமன்ற உறுப்பினர் டேவ் லெவாக் கொண்டுவந்த மசோதாவுக்குப் பின்னால் நின்றார்கள். 2005இல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 2006 ஜனவரி 1 முதல் 'சப்ரினாவின் சட்டம்' நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் நிலக்கடலையையோ பாலையோ தடைசெய்யவில்லை. பலர் இதைப் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடசாலைச் சபைக்கும் அனஃபிலாக்ஸிஸ் பற்றிய கொள்கை இருக்க வேண்டும், பிள்ளையைச் சேர்க்கும்போதே உயிராபத்தான ஒவ்வாமை இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்க வேண்டும், அப்படியான ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலை அதிபர் தனித்தனியாக ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும், பிள்ளைகளோடு பழகுகிற ஊழியர்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி தர வேண்டும் என்றது. என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமான வரி வேறு. ஒரு பிள்ளைக்கு அனஃபிலாக்ஸிஸ் என்று நம்ப நியாயம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கென எழுதிக்கொடுத்த ஊசியை ஊழியர் போடலாம், படுமோசமான கவனக்குறைவு இல்லாமல் நல்லெண்ணத்தோடு செய்தவர் மேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. முன்பெல்லாம் எங்கள் பயம் பாதி ஊசியைப் பற்றி, பாதி வழக்கைப் பற்றி. இரண்டாவது பாதியைச் சட்டம் எடுத்துவிட்டது.

அலுவலகத்தில் இருந்த பஃபர்

அந்தச் சட்டத்தில் ஆஸ்துமா இல்லை. 2012 ஒக்டோபர் 9 அன்று, அதே ஒன்ராறியோவின் தெற்கே ஸ்ட்ராஃபோர்ட்வில் என்ற ஊரில், 12 வயது ரயன் கிப்பன்ஸுக்குப் பாடசாலையில் ஆஸ்துமா கடுமையாக வந்தது. அவனுடைய பஃபர் அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் தாங்களே மருந்து வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவன் ஒளித்துக் கொண்டுவந்த பஃபர்களைக்கூட வாங்கி வைத்திருக்கிறார்கள். கூட்டாளிகள் அவனை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பிழைக்கவில்லை.

இந்த முறையும் ஒரு தாய்தான் போராடினார். 2015இல் 'ரயனின் சட்டம்' வந்தது. பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை தன் ஆஸ்துமா மருந்தைத் தானே வைத்திருக்க அதிபர் அனுமதிக்க வேண்டும். படித்தால் இதற்கெல்லாமா ஒரு சட்டம் என்று கோபம்தான் வரும்.

ஒருத்தியின் மருந்து லொக்கரில், ஒருவனின் மருந்து அலுவலகத்தில். நோய்க்கு ஒன்றாகச் சட்டம் போட்டதில் ஒரு குறை இருந்தது. இரண்டும் உள்ள பிள்ளைக்கு இரண்டு கோப்பு, இரண்டு கடதாசி. ஆனால் இருமல் ஒன்றுதான். இருமும்போது எந்தக் கடதாசியைப் பார்ப்பது? ஒன்ராறியோ கல்வி அமைச்சின் 161ஆம் இலக்கக் கொள்கை அறிவித்தல் 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அனஃபிலாக்ஸிஸ், ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு நான்கும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சப்ரினா இறந்து அப்போது 15 வருடம்.

எங்கள் சமையலறையில்

ரொறன்ரோவைச் சுற்றித் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அதனால் அந்த இடுக்கிக் கதையை நான் எங்கள் வீட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துத்தான் யோசிப்பேன். 'இதில் பால் இல்லை' என்று ஒரு தாய் உறுதியாகச் சொல்வார். தோசைக்கு நெய் தடவியிருப்பார், நெய் அவருக்குப் பால் கணக்கில் வராது. உளுந்து வடையில் பாலே இல்லைதான், ஆனால் அதே எண்ணெயில் சற்று முன் மோர்மிளகாய் பொரிந்திருக்கும். மிக்சரில் கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கனடாவில் 2012 ஓகஸ்ட் முதல் பொதி செய்த உணவின் உறையில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் கடுகும் உண்டு. கடுகா என்று ஆச்சரியப்படாத தமிழரை நான் இன்னும் காணவில்லை. தாளிக்காமல் ஒரு கறி இறக்கத் தெரியாத சனம் அல்லவா நாங்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். அவனுக்கு ஆஸ்துமாவும் இருக்கிறது, வீட்டில் அதை முட்டு என்பார்கள். கச்சானும் ஆகாது. பின்னேரம் கூட்டிப்போக அம்மம்மாதான் வருவார். குளிர் தொடங்கிய நாட்களில் அவனுடைய எபிபென் பை பாடசாலைப் பைக்குள் போய்விட்டது. கோட்டுக்கு மேல் கட்டினால் வடிவில்லையாம். ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் அம்மா, தம்பி பையை இடுப்பில கட்டுறேல்லையா?"

"அவனுக்கு முட்டுத்தானே பிள்ளை. பஃபர் கோட்டுப் பொக்கற்றுக்க கிடக்கு. அந்த ஊசி என்னத்துக்கு எந்த நேரமும்?"

"கச்சான் பட்டாலும் முட்டு மாதிரித்தான் அம்மா வரும். எது எண்டு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது."

அவர் ஒன்றும் பேசவில்லை. பையனின் தலையில் தொப்பியை இழுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை பை அவன் இடுப்பில் இருந்தது, கோட்டுக்கு மேலே, பச்சை நாடாவால் இறுக்கி முடிச்சுப் போட்டபடி. அம்மம்மா அவனை என் முன்னால் நிறுத்தி, தடித்த பனிக் காற்சட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு மேலாலயும் இறங்குமோ, இல்லாட்டி இதைக் கழட்ட வேணுமோ?"

சாதாரண காற்சட்டை என்றால் அப்படியே போடலாம் என்றேன். இவ்வளவு தடிப்பு என்றால் கீழே இழுத்துவிட்டுப் போடுவது நல்லது, காற்சட்டைப் பைக்குள் எதுவும் இல்லை என்றும் பார்க்க வேண்டும். அவர் குனிந்து அவனுடைய பைகளுக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒரு பக்கத்தில் இரண்டு மாபிளும் உடைந்த ஒரு பென்சிலும் வந்தன. மற்றப் பக்கத்தில் பஃபர்.